முப்பது நாளும் ஒன்பது நாளும்

செப்டம்பர் 2, திங்கள்

எனக்கு எழுத்து தெரியாது. லைசென்ஸ் வாங்குவதற்காக மூன்று நாள் பழகிய கையெழுத்து ஒன்று உண்டு. அதுவும் எழுத்தில்லை, படம்; கொல்லிமலை ரோடு மாதிரி வளைந்து வளைந்து போகும். அப்படிப்பட்டவன் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்கிறார் ரெஜினா மேடம். இந்த மறுவாழ்வு இல்லத்தில் ஆலோசனை சொல்கிறவர். நாகர்கோவில்காரர். கையில் எப்போதும் ஒரு டம்ளர் வெந்நீர். எழுத வராது என்றேன். வாயால் சொல்லுங்கள், பக்கத்துக் கட்டில் எழுதட்டும் என்றார்.

பக்கத்துக் கட்டில் ஜெயபாலன். மருந்துக்கடை வைத்திருந்தவர். வலி மாத்திரையைச் சீட்டில்லாமல் விற்றார், பிறகு தானே விழுங்கினார், கடைசியில் கடையையே விழுங்கிவிட்டார். இங்கே அவருக்கு இது இரண்டாவது தடவை, அதனால் அறுபது நாள். டாக்டர்கள் கிறுக்கியதை இருபது வருஷம் படித்ததில் தன் கையெழுத்தும் கெட்டுவிட்டது என்கிறார். நமக்கென்ன, நான் படிக்கப் போவதில்லை.

என் பேர் செங்கோடன். வயது எழுபத்தொன்று. ஊர் சங்ககிரி. நாற்பத்தோரு வருஷம் வடக்கு லைனில் லாரி ஓட்டினேன். இங்கிருந்து ஜவ்வரிசி போகும், அங்கிருந்து பூண்டு வரும். எந்த வருஷம், எந்தத் தேதி, எந்த ஊர்ப் பாலத்தில் டயர் வெடித்தது என்று கேளுங்கள், சொல்கிறேன். எழுத்து தெரிந்தவன் எழுதி வைத்துவிட்டு மறந்துவிடுகிறான். தெரியாதவனுக்கு மண்டைதான் நோட்டு.

இங்கே வந்தது என் மகன் பூபதிக்காக. நாற்பத்து மூன்று வயது, அவனும் டிரைவர். அபினில் தொடங்கி, மாத்திரைக்குப் போய், இப்போது ஹெராயின் என்கிற பழுப்புப் பொடியில் நிற்கிறான். சித்திரையில் ஓட்டிக்கொண்டே தூங்கி வண்டியைக் கவிழ்த்தான். ஆள் சேதம் இல்லை. பத்து டன் ஜவ்வரிசி ரோட்டில் கொட்டியதைப் பார்த்து ஆலங்கட்டி மழை என்றார்களாம். மருமகள் கோகிலா அன்றே தாய்வீடு போய்விட்டாள். முப்பது நாள் முழுசாக உள்ளே இருந்து வந்தால் குடும்பம் நடத்த வருகிறேன், நடுவில் ஓடி வந்தால் என்னை மறந்துவிடட்டும் என்று சொல்லியனுப்பினாள்.

பூபதி அசையவில்லை. "நா மட்டும் எதுக்குப் போகோணும்? நீங்களுந்தான் தெனம் ரெண்டு வேளை போடறீங்க. நீங்க உள்ள வந்தா நானும் வர்றேன்" என்றான்.

நான் போடுவது மிளகளவு அபின். காலையில் ஒன்று, பொழுதோடு ஒன்று. பழைய கூட்டாளிகள் வடக்கே போனால் மறக்காமல் கொண்டுவந்து தருவார்கள். அது பழக்கமில்லை, மூட்டுவலிக்கு மருந்து. இருந்தாலும் மகன் திருப்திக்காக என் பேரையும் கொடுத்தேன்.

வாசலில் சோதனை. காவலாள் மாரப்பன் செருப்பின் அடியைப் பிரித்தான், வேட்டி மடிப்பைத் தடவினான், பூபதியின் சட்டைக் காலருக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை உருவினான். என் அரைஞாண் கயிற்றில் கை வைத்தவன் வெள்ளித் தாயத்து தட்டுப்பட்டதும் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சாமி சமாச்சாரம். நல்ல பிள்ளை.

செப்டம்பர் 3, செவ்வாய்

கண்ணிலும் மூக்கிலும் ஒரே நீர். சமையலறையில் மிளகாய் வறுக்கிறார்கள் போலிருக்கிறது. கொட்டாவி வேறு. எண்ணிப் பார்த்தேன், மத்தியானத்துக்குள் நூற்றுப் பன்னிரண்டு. புது இடம், அப்படித்தான் இருக்கும்.

(இன்று மிளகாய் வறுக்கவில்லை. உப்புமா. - ஜெ.)

செப்டம்பர் 4, புதன்

வயிறு சரியில்லை. நேற்றைய உப்புமா. எழுத வேறொன்றுமில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

நாலாம் நாள்தான் மோசமான நாள் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். பூபதிக்கு அப்படியே ஆனது. எலும்பை யாரோ திருகுகிற மாதிரி இருக்கிறது என்று புரண்டான். டாக்டர் வந்து ஊசி போட்டார், மாத்திரை கொடுத்தார். எனக்கும் அதே மாத்திரை. மூட்டுக்காக இருக்கும்.

பத்து மணிக்குப் பூபதி எழுந்து கேட்டைத் திறக்கச் சொல்லி மாரப்பனிடம் சண்டைக்குப் போனான். நான் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய், கேட்டுக்கு முன்னால் மாரப்பனுடைய முக்காலியில் உட்கார்ந்துகொண்டேன். என் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. பல்லும் ஆடியது. பூபதி என்னைப் பார்த்தான். "அப்பா, நடுங்கறீங்க" என்றான். கொசு என்றேன். கொசு கடித்தால் யாராவது நடுங்குவார்களா என்று மாரப்பன் கேட்டான். சங்ககிரிக்காரர்கள் நடுங்குவோம் என்றேன். பூபதிக்கு அந்த நிலையிலும் வாய் கோணியது. திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டான்.

பொழுது சாயும் முன் குளியலறையில் கொஞ்சம் நேரமாகிவிட்டது. வயிறுதான்.

செப்டம்பர் 6, வெள்ளி

நல்ல தூக்கம். மூக்கு காய்ந்துவிட்டது. காலையில் ஆறு இட்லி. ஜெயபாலனிடம் 1986 மார்ச் நாலாம் தேதி கோலாப்பூர் பக்கம் மாட்டுச் சந்தைக்குள் லாரி மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

(பெரியவரின் வலது கட்டைவிரல் நகத்தில் சிவப்பாக அரக்கு ஒட்டியிருக்கிறது. கேட்டால் ஊறுகாய் என்கிறார். - ஜெ.)

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. ஆளுக்கு இரண்டு கொழுக்கட்டை. மருத்துவக் காரணங்களுக்காகப் பிள்ளையாருக்கும் இரண்டுதான் என்று சமையல்காரர் சொன்னார்.

பூபதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முகம் வற்றிப்போயிருக்கிறது. கொழுக்கட்டையைப் பிட்டுப் பிட்டு வைத்தானே தவிர சாப்பிடவில்லை.

"சளி விட்டிருச்சாட்ருக்குதுங்கப்பா."

"விட்டிருச்சு."

"ஒரே ராத்திரியில."

"ஆவி புடிச்சேன்."

"எனக்கும் கொஞ்சம் ஆவி குடுங்க."

சொல்லிவிட்டு என் இடுப்பைப் பார்த்தான். நான் என் பங்குக் கொழுக்கட்டை ஒன்றை அவன் தட்டில் வைத்தேன். இனிப்பு உடம்புக்கு நல்லது.

செப்டம்பர் 8, ஞாயிறு

ரெஜினா மேடம் கூப்பிட்டார். சுற்றி வளைக்காமல் தாயத்துக்குள் என்ன என்று கேட்டார். மந்திரத் தகடு என்றேன். அது பொய்யில்லை. 1979 ஆடி பதினெட்டில் பவானி ஆற்றங்கரையில் பூசாரி கட்டியபோது உள்ளே தகடு இருந்தது. குலதெய்வத்தின் மேல் சத்தியமா என்று கேட்டார். கிறிஸ்தவர் நீங்கள், எங்கள் சாமியை வைத்து ஏன் பேசுகிறீர்கள் என்று கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன். கோபம் பாதி நிஜம்.

செப்டம்பர் 9, திங்கள்

இன்று வகுப்பு. ரெஜினா மேடம் சுவரில் இந்தியா படம் மாட்டி, எந்தச் சரக்கு எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டினார். கிழக்கே மலைகளிலிருந்து கஞ்சா. மேற்கே எல்லைக்கு அப்பாலிருந்து பொடி. முன்பு தரை வழி, இப்போது கடல் வழியும். அபின் நடுவில், அரசாங்கம் அனுமதி கொடுத்து மருந்துக்காகப் பயிரிடுகிற வயல்களில் இருந்தே கசிகிறது. மாத்திரைக்கு எல்லையே வேண்டாம், நம் ஊரிலேயே செய்கிறார்கள் என்றார். ஜெயபாலன் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் சொன்னதில் ஒன்று எனக்குப் பிடித்தது. ஐந்து வருஷம் முன்னால் இந்த இல்லத்து இருபது கட்டிலில் பதினேழு சாராயக் கட்டிலாம். இப்போது எட்டுதான். மற்றப் பன்னிரண்டில் மாத்திரை, ஊசி, பொடி, கஞ்சா. மூன்று பேருக்குப் போனில் சொன்னால் கூரியரில் வீட்டுக்கே வந்திருக்கிறது. லாரித் தொழில் படுத்ததற்குக் காரணம் இப்போதுதான் தெரிகிறது என்றேன். வகுப்பே சிரித்தது.

அப்புறம் என்னையே எழுந்து வந்து சொல்லச் சொன்னார்கள். எழுத்து தெரியாவிட்டால் என்ன, ரோடு தெரியுமே. விரலை வைத்துச் சங்ககிரி, ஓசூர், பெங்களூர், ஹூப்ளி, கோலாப்பூர், பூனா, தூலியா, இந்தூர், பூண்டும் அபினும் விளைகிற மந்த்சோர் என்று ஏறிப் போனேன். வரும்போது படத்தைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னேன், இல்லாவிட்டால் வீட்டுக்கு வர முடியாது. எந்த டாபாவில் எந்தச் சர்தார் என்ன கலந்து டீ கொடுப்பார், எந்தச் செக்போஸ்ட்டில் எந்த வருஷம் பூண்டு மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள், எல்லாம் தேதியோடு சொன்னேன். ரெஜினா மேடம் வெந்நீர் ஆறுகிற வரை கேட்டார். பின்வரிசையில் பூபதி மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

நாட்குறிப்பு எழுதும்போது ஜெயபாலன் சும்மா இருக்காமல் கேட்டார். "எல்லாத்தையும் தேதியோட சொல்றீங்களே பெரியவரே, பூபதி மொதல்ல தொட்டது எப்ப?"

ஞாபகமில்லை என்றேன். எந்த வருஷம் என்றாவது சொல்லுங்கள் என்றார். ஞாபகமில்லை. எந்த ஊர் என்றார். ஞாபகமில்லை என்று எழுது தம்பி, கேள்வி கேட்காதே என்றேன்.

(மூன்று முறை சொன்னார். மூன்றையும் எழுதிவிட்டேன். - ஜெ.)

சாயங்காலம் குளியலறையில் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

செப்டம்பர் 11, புதன்

நல்ல தூக்கம்.

செப்டம்பர் 13, வெள்ளி

பூபதி தேறுகிறான். கொடிக் கயிறு தொய்ந்து வேட்டியெல்லாம் மண்ணில் புரண்டது. அவன் போய் இழுத்து, தார்ப்பாய் கட்டுகிற முடிச்சாகப் போட்டான். இப்போது கொடியில் மாரப்பனையே காயப்போடலாம். சமையலறையில் உதவிக்குச் சேர்த்துக்கொண்டார்கள். வெங்காயம் அரிகிறான். கண்ணில் தண்ணீர் வந்தால் அது வெங்காயத்தால் என்று எல்லாரும் நம்புகிறார்கள். கொடுத்து வைத்தவன்.

செப்டம்பர் 14, சனி

எனக்கும் வேலை கொடுத்தார்கள், பூண்டு உரிக்க. சாக்கைப் பார்த்ததுமே தெரிந்தது. சாக்கில் என்ன அச்சடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது, ஆனால் அந்தப் பச்சை நூல் தையல் மந்த்சோர் மண்டித் தையல். பல் சின்னது, தோலில் ஊதா ஓடும். உரிக்க உரிக்க அந்த ஊர் வாசனை. ஜனவரி மாதத்துப் பனி, விறகடுப்பு, ஈரச் சாக்கு.

கத்தி கையில் நழுவி விரலை வெட்டிக்கொண்டேன். நாற்பது கிலோ சாக்கைத் தோளில் தூக்கியபோது நழுவாத கை. பூபதி மஞ்சளை வைத்துத் துணி சுற்றிவிட்டான். சாக்கை அவனும் பார்த்தான்.

செப்டம்பர் 15, ஞாயிறு

கோகிலா வந்தாள். இரண்டு டஜன் எள்ளுருண்டை. உள்ளே ஏதாவது இருக்குமோ என்று மாரப்பன் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தான். கடைசியில் எள்ளுப் பொடிதான் வந்து சேர்ந்தது. அதில் பாதி அவன் வாயில்.

புருஷனிடம் அதிகம் பேசவில்லை. இளைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் சொன்னாள். அவனுக்கு அதுவே போதும், இரண்டு நாளைக்கு வைத்துத் தின்பான்.

என்னிடம் வந்து, "மாமா, அவரு தேறிருவாரா?" என்றாள். தேறுவான், இன்னும் பதினாறு நாள்தான் என்றேன்.

"நீங்க?"

எனக்கென்ன கேடு, அவனுக்குத் துணையாக வந்தவன் என்றேன். அவள் என் இடுப்பைப் பார்த்தாள். "அரணாக்கவுறு இத்துப்போச்சுங்க மாமா. வர்றப்ப புதுசு வாங்கியாறேன்" என்றாள். எங்கள் பக்கம் அரைஞாண் கயிறு இற்றுப்போனாலும் புதுசைக் கட்டிவிட்டுத்தான் பழசை எடுப்போம். கயிறு இல்லாத இடுப்பு பிணத்துக்குத்தான்.

செப்டம்பர் 16, திங்கள்

இன்றைக்கு நிறைய எழுத வேண்டியிருக்கும் தம்பி. பேனாவில் மை இருக்கிறதா பார்த்துக்கொள்.

பதினோரு மணி இருக்கும். கொடிக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். பூபதி பையோடு வந்தான். முகத்தில் வேர்வை. காலையிலிருந்து உடம்பு மறுபடி கேட்கிறது என்று சமையல்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தானாம். குத்துக்காலிட்டு என் முன்னால் உட்கார்ந்தான்.

"அந்தத் தாயத்தைக் கொஞ்சம் திருவுங்கப்பா."

சாமி சமாச்சாரம் என்று ஆரம்பித்தேன்.

"எந்தச் சாமி? நா கிளீனரா வந்தப்பவே பாத்ததுதான அது. இங்க வந்தும் ரெண்டு வாட்டி எடுத்துட்டீங்க. அஞ்சாந்தேதி ஒண்ணு. போன செவ்வாக்கெழமை ஒண்ணு. உங்களுக்கு மட்டுந்தான் தேதி ஞாபகம் இருக்கும்னு நெனச்சீங்களா?"

நான் இன்னொரு பூண்டை எடுத்து உரித்தேன்.

"ஒரு கடுகு குடுங்க. மீதி நாளை ஓட்டிருவேன். இல்லீன்னா இப்பவே கெளம்பறேன். கோகிலா கேட்டா, எங்கப்பன் உள்ள உக்காந்து திங்கறாரு, நா எதுக்கு இருக்கோணும்னு சொல்லிக்கறேன்."

அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அந்தக் குரல் எனக்குத் தெரியும். குளிர்காலத்தில், பக்கத்து சீட்டில் சுருண்டு கிடந்து கேட்ட குரல் அது.

உள்ளே இரண்டு மிளகளவு மிச்சமிருந்தது. ஒரு கடுகு கொடுத்திருந்தால் அவன் இருந்திருப்பான். முப்பது நாள் முடிந்திருக்கும். கோகிலாவும் வந்திருப்பாள். யாருக்கும் தெரியாது. இதை நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன். கை இடுப்புக்குப் போய்விட்டது.

பூண்டுக் கத்தி மடியில் இருந்தது. எடுத்தேன். அரைஞாண் கயிற்றுக்கு அடியில் கொடுத்து ஒரு இழுப்பு. இற்ற கயிறுதான், சத்தமே இல்லாமல் வந்துவிட்டது.

பூபதி பின்னால் சாய்ந்து கையை ஊன்றிக்கொண்டான். "அப்பா, என்ன பண்றீங்க? யாராச்சும் உசுரோட அதை அறுப்பாங்களா?"

"இரண்டாயிரமாவது வருசம்" என்றேன். "ஜனவரி பதினேழு. திங்கக்கெழமை. காணும் பொங்கல் அன்னிக்கு. மந்த்சோர் தாண்டிப் பதினெட்டாவது கிலோமீட்டர், எடது பக்கம், ரெண்டு புளியமரம் இருக்கற டாபா. உனக்குப் பத்தொம்பது வயசு. காய்ச்சலு, வயித்துப்போக்கு, ஊருக்குப் போகோணும்னு அழுதுக்கிட்டிருந்த. பனியில பூண்டு லோடு நனையுது, தார்ப்பாய் கட்ட ஆளில்ல. நாந்தான் குடுத்தேன். சர்தார் குடுக்கல, வேற எவனும் குடுக்கல. என்ற கையால நாந்தான் குடுத்தேன்."

அவன் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமல் சொன்னான்.

"கசக்குதுன்னு துப்பிட்டேன். வெல்லம் வெச்சு மறுக்காக் குடுத்தீங்க."

அதை நான் விட்டுவிட்டேன். ஞாபகம் இல்லாமல் விடவில்லை. எழுது தம்பி, வெல்லம் என்று எழுது. பழைய வெல்லம், எறும்பு ஊர்ந்தது, ஊதிவிட்டுக் கொடுத்தேன்.

"அரை மணி நேரத்துல எந்திரிச்சுத் தார்ப்பாயைக் கட்டுன. உடம்பு லேசா இருக்குதுங்கப்பான்னு சிரிச்ச. அந்தச் சிரிப்பைப் பாத்துட்டு, மருந்து நல்லாக் கேக்குதுன்னு சந்தோசப்பட்டவன் நான்."

"இத்தன வருசமா நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"மறக்கற மண்டையாடா இது."

அவன் பையைத் தரையில் வைத்தான். சாக்கை இழுத்துப் பக்கத்தில் போட்டு ஒரு பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பித்தான். நான் அறுந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து ரெஜினா மேடம் அறைக்குப் போனேன். வேட்டி நிற்கவில்லை. ஒரு கையில் வேட்டி, ஒரு கையில் தாயத்து.

செப்டம்பர் 17, செவ்வாய்

டாக்டர், ரெஜினா மேடம், நான், மூன்று பேர் முன்னிலையில் அரக்கை உடைத்துத் தாயத்தைத் திறந்தார்கள். உள்ளே இருந்ததை டாக்டர் என் எதிரிலேயே தண்ணீரில் கரைத்துக் கொட்டினார். வெறும் வெள்ளிக் கூட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். வேண்டாம் என்றேன்.

உண்மை தெரிந்ததில் அதிகம் பாதிக்கப்பட்டது மாரப்பன்தான். "பெரியவரே, நா அதைக் கண்ணுல ஒத்திக்கிட்டனே" என்று இன்று முழுக்கப் புலம்பிக்கொண்டிருக்கிறான். கண் பார்வை கூடும் என்று சொல்லித் தேற்றினேன்.

ஆறாம் தேதியே தனக்குச் சந்தேகம் என்றார் ரெஜினா மேடம். எப்படி என்று கேட்டேன். நோட்டைத் தூக்கிக் காட்டினார். ஆறு இட்லி என்று நான் சொன்னதும், நகத்து அரக்கு என்று ஜெயபாலன் தன் பங்குக்குச் சேர்த்ததும் அப்போதுதான் தெரிந்தது. நான் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் என்னென்ன எழுதியிருக்கிறார் பார். இரண்டு மணி நேரம் அவரோடு பேசவில்லை. பிறகு சொல்ல ஆளில்லாததால் பேசிவிட்டேன்.

இல்லத்துச் சட்டம் ஒன்று உண்டாம். உள்ளே இருக்கும்போது போட்டால், கடைசியாகப் போட்ட நாளுக்கு மறுநாளிலிருந்து கணக்கு புதுசாக ஆரம்பம். எனக்குச் செப்டம்பர் 11 முதல் நாள். அக்டோபர் 10 வரை. பூபதிக்கு அக்டோபர் 1-ல் முடிகிறது. அவனைவிட ஒன்பது நாள் அதிகம். சட்டம் சட்டம்தான் என்று ஒத்துக்கொண்டேன்.

கண்ணிலும் மூக்கிலும் மறுபடி நீர். மிளகாய் இல்லை. அபின் இல்லாததால்.

செப்டம்பர் 19, வியாழன்

நாற்பது வருஷத்தை உடம்பு ஒவ்வொரு எலும்பாகக் கணக்குப் பார்க்கிறது. பூபதி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தான். ராஸ்கல், நன்றாகக் கொடுக்கிறான்.

செப்டம்பர் 23, திங்கள்

இன்று வகுப்பில் மறுபடி படத்துக்கு முன்னால் போய், மந்த்சோருக்கு மேலே விரலை வைத்து, ஒன்பதாம் தேதி விட்டதைச் சொன்னேன். தேதியோடு. யாரும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்து ஜெயபாலன் தன் கதையைச் சொன்னார். முதல் முதலாகச் சீட்டில்லாமல் மாத்திரை கொடுத்தது பக்கத்துத் தெருப் பையனுக்கு, பேர் இன்னும் ஞாபகம் இருக்கிறது என்றார். அதை அவருடைய நோட்டில் எழுதிக்கொள்ளட்டும், இது என் நோட்டு.

செப்டம்பர் 28, சனி

தூங்கினேன். நாலு மணி நேரம். உண்மையான நாலு மணி நேரம். ஜெயபாலன் சாட்சி.

அக்டோபர் 2, புதன்

பூபதி கிளம்பும் நாள். கோகிலா வந்துவிட்டாள். பட்டுச்சேலை கட்டவில்லை, ஆனால் இஸ்திரி போட்ட சேலை. பூபதி குளித்து, நெற்றியில் விபூதியோடு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். வெளியே போய் நல்லபடியாக இரு, நான் ஒன்பது நாளில் பஸ் ஏறி வந்துவிடுகிறேன் என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். சளி. இது நிஜமாகவே சளி.

அவன் பையைக் கழற்றி என் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

"நீங்க உள்ள இருந்தா நானும் இருக்கேன்" என்றான். "அப்பிடித்தான பேச்சு."

கோகிலாவைப் பார்த்தேன். இப்போது சண்டை வரும் என்று நினைத்தேன். முப்பது நாள் என்று சொன்னவள் அவள்தானே, முப்பது முடிந்துவிட்டதே. அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பதினொன்றாம் தேதி ஆயுத பூசை, முதலாளி புது வண்டிக்குப் பூசை போடப் பூபதியைத்தான் கூப்பிட்டிருக்கிறார், அன்றைக்குக் காலையில் இரண்டு பேரையும் சேர்த்துக் கூட்டிப் போகிறேன் என்றாள். அப்புறம் மாரப்பனிடம் திரும்பி, எள்ளுருண்டை உள்ளே வைத்திருக்கிறேன், இந்தத் தடவை உடைக்காமல் முழுசாகவே தின்னுங்கள் என்றாள்.

முடித்தவனுக்குக் கட்டில் கிடையாது என்றார் ரெஜினா மேடம். சமையலறை ஆளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றான் பூபதி. சமையல்காரர் கைதட்டினார். வெங்காயம் அரிய ஆள் போய்விடுமோ என்று அவருக்குத்தான் பயம் இருந்திருக்கிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

மூட்டு வலிக்கிறது. டாக்டர் தைலம் கொடுத்தார். நாற்பது வருஷமாக மருந்து போட்ட மூட்டு, மருந்தை விட்டாலும் அதே அளவுதான் வலிக்கிறது. இத்தனை நாள் யாருக்குப் போட்டேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

காலை ஏழரைக்கே கோகிலா வந்துவிட்டாள். வண்டிக்குக் கட்ட வாழைக்கன்று இரண்டு, சாமந்திச் சரம், எனக்குப் புதுசாக ஒரு கறுப்பு அரைஞாண் கயிறு. இருபத்தைந்து நாளாக என் வேட்டியைச் சமையலறைச் சணல்தான் தாங்கியது.

பூபதி கயிற்றை வாங்கி, குனிந்து என் இடுப்பில் சுற்றினான். சாதாரண முடிச்சுப் போடவில்லை. தார்ப்பாய் முடிச்சு. காலை ஊன்றி ஒரு இழுப்பு இழுத்தான், எனக்கு மூச்சு நின்றுவிட்டது.

"டேய், நா என்ன பூண்டு மூட்டையா?"

"டில்லி வரைக்கும் லோடு ஆடாதுங்கப்பா" என்றான்.

சொல்லிவிட்டுச் சிரித்தான். மந்த்சோர் பக்கத்து டாபாவில் சிரித்த அதே சிரிப்பு. இருபத்து நாலு வருஷம், எட்டு மாதம், இருபத்து நாலு நாள் கழித்து.

ஜெயபாலா, நோட்டை மூடுவதற்கு முன் இதையும் எழுதிவிடு. அவன் சிரித்த நேரம் காலை எட்டே கால். அதற்கு முன் அவன் வாயில் போட்டது நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி. வேறொன்றும் இல்லை.